வா என்றால் புறப்படு

எங்கள் ஜெலுத்தோங்கில் ஒரு பஸ் புறப்பட வேண்டுமானால் அதைப் பார்த்து "வா" என்று சொல்ல வேண்டும். சிரிக்க வேண்டாம், உண்மையைத்தான் சொல்கிறேன். மற்ற ஊர்களில் போ என்பார்கள், போகலாம் என்பார்கள், விசில் ஊதுவார்கள், மணி அடிப்பார்கள். எங்கள் ஊரில் மட்டும் நிற்கிற பஸ்ஸைப் பார்த்து ஒருவர் கையை வீசி "வா" என்பார். பஸ் அவரை விட்டுவிட்டு ஓடும். வெளியூர்க்காரர்கள் இதைப் பார்த்துத் திருதிருவென்று விழிப்பதைப் பல தடவை ரசித்திருக்கிறேன்.

இந்த வழக்கத்தை உண்டாக்கியவர் ஒரே ஒருவர். கொட்டகையில் நின்று பஸ்களை நேரம் பார்த்து அனுப்புகிற ஸ்டார்ட்டர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கும் இருந்திருக்கும். நாங்கள் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சின்னவர் பெரியவர் எல்லோருக்கும் அவர் ஸ்டார்ட்டர் அண்ணே. என் அப்பாவைவிட வயதில் மூத்தவரை நான் அண்ணே என்று கூப்பிடுவது சரியா என்று அம்மா ஒரு தடவை கேட்டாள். "அது வயசுக்குக் குடுக்கறது இல்லம்மா, இந்தக் காக்கிக் கோட்டுக்குக் குடுக்கறது" என்றார் அவரே.

கொட்டகை என்றால் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். தூங்குமூஞ்சி மரத்தடியில் தகரக் கூரை, இரண்டு பெஞ்சு, எதிரே ஒரு சீனர் காப்பிக்கடை. டவுனிலிருந்து வரும் பஸ்ஸுக்குத் தலையில் இரண்டு கொம்பு உண்டு. மேலே கட்டியிருக்கும் மின்சாரக் கம்பியைக் கொம்பால் தொட்டுக்கொண்டே ஓடும். அந்தக் கம்பி எங்கள் கொட்டகையைச் சுற்றி வளைந்து திரும்பி டவுனுக்கே போய்விடும். அதற்கும் தெற்கே போகிறவர்கள் இங்கே இறங்கி, எண்ணெயில் ஓடும் சின்ன பஸ்களில் மாறி ஏற வேண்டும். ஒன்றாம் நம்பர் குளுகோர். இரண்டு சுங்கை நிபோங். மூன்று பாயான் லெப்பாஸ். நான்கு தெலுக் கும்பார். ஐந்தாம் நம்பர் மலையேறி இறங்கி, தீவின் முதுகுப் பக்கத்தில் இருக்கும் பாலிக் பூலாவ் வரை ஓடும்.

டவுன் பஸ் வந்து நின்றதும் அதன் கண்டக்டர் "கடைசி ஸ்டாப்!" என்று கத்துவான். ஸ்டார்ட்டர் அண்ணேக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"எவன்டா கடைசி? ஒன் கம்பிக்குக் கடைசி. எங்களுக்கு இங்கதான் ஆரம்பம். எறங்குங்க, மாத்தி ஏறுங்க, தீவுல பாதி இன்னும் பாக்கி இருக்கு!"

இதையே மலாயில் ஒரு தடவை, ஹொக்கியன் சீனத்தில் ஒரு தடவை சொல்வார். மூன்று பாஷை பேசுவேன், நாலாவதில் திட்டுவேன் என்பது அவருடைய பெருமை. நாலாவது எது என்பது ஆளுக்கு ஆள் மாறும். அவர் அப்படிக் கத்தும்போது, ஏதோ எண்ணெய் ஆலைக்குப் பின்னால் குடியிருக்கிற எங்களுக்கெல்லாம் உலகத்தின் நட்டநடுவில் வீடு கட்டிக்கொண்டவர்கள் போல ஒரு மிதப்பு வரும்.

ஆள் குட்டை. மார்பு மட்டும் பெரிய ஆளுக்கு வைத்த மாதிரி அகலம், குரல் முழுவதும் அங்கேதான் இருந்தது. கம்பெனி கொடுத்த காக்கிக் கோட்டைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். பித்தளைப் பொத்தான்களைப் புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பார். கோட்டோடு அரைக்களுசானும் கொடுத்தார்களாம். அதை அவர் தொடவே இல்லை. "முட்டியக் காட்டிக்கிட்டு நின்னா எந்த பஸ்ஸு நம்ம பேச்சக் கேக்கும்?" என்று கேட்டுவிட்டு, கோட்டுக்குக் கீழே வெள்ளை வேட்டியோடு நின்றார். கம்பெனியும் விட்டுவிட்டது. கழுத்தில் ஒரு விசில் தொங்கும். அதை ஊதி யாரும் பார்த்ததில்லை.

"நாயக் கூப்பிடறவன் ஊதுவான், திருடனத் தொரத்துற போலீஸ்காரன் ஊதுவான். மனுசங்க ஏறி ஒக்காந்திருக்கற வண்டிய ஊதி அனுப்புவாங்களா?"

அப்போது நான் சுங்கை நிபோங் பக்கம் ஒரு சின்னத் தமிழ்ப் பள்ளியில் பெண்பிள்ளைகளுக்கு அரிச்சுவடியும் தையலும் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் இரண்டாம் நம்பர் பஸ். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னலோரம் வந்து "வா, தங்கச்சி" என்பார். "வரேண்ணே" என்று நான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் டிரைவர் பக்கம் திரும்பி அந்தப் பெரிய "வா" வரும், பஸ் நகரும். ஒருநாள் வீட்டில் அம்மாவோடு சண்டை. உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பஸ் நகரவில்லை. என்ன என்று டிரைவர் கேட்டதற்கு, "ஒரு ஆளு இன்னும் வரேன்னு சொல்லலையே" என்றார் இவர். மொத்த பஸ்ஸும் திரும்பி என்னைப் பார்த்தது.

"வரேன், வரேன். ஆள விடுங்க!" என்றேன்.

"விட்டாத்தான வருவ" என்று சிரித்துவிட்டு அனுப்பினார்.

போ என்ற சொல்லை அவர் வாயால் கேட்டவர்கள் யாரும் இல்லை. காக்கையைக்கூட அப்படி விரட்ட மாட்டார், கையைத்தான் தட்டுவார். இதற்கு எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்கொரு கதை கட்டி வைத்திருந்தார்கள். யாரையோ போ என்று சொல்லி அனுப்பினாராம், அந்த ஆள் திரும்பி வரவே இல்லையாம். தம்பி என்றார்கள், மனைவி என்றார்கள், கப்பலில் வந்த நண்பன் என்றார்கள். எனக்கு அப்போது சோகக் கதை என்றால் உயிர். ஒரு மழை நாள் கொட்டகையில் ஒதுங்கி நிற்கும்போது மெதுவாகக் கேட்டுவிட்டேன்.

"ஏண்ணே, யார அண்ணே அப்படி அனுப்பினீங்க?"

"யாரையும் அனுப்பலையே."

"அப்புறம் ஏன் அந்த வார்த்தய மட்டும் சொல்ல மாட்டேங்கறீங்க?"

"எங்க வீட்ல சொன்னா அடி விழும்" என்றார். "ஒங்க வீட்ல விழாது?"

விழும். எல்லார் வீட்டிலும் விழும். கடைக்குப் போகிறவரைக்கூட நாம் போய்ட்டு வா என்றுதான் அனுப்புகிறோம். அதில் கதை ஒன்றும் இல்லை. வீட்டு வாசலில் எல்லோரும் செய்வதை அவர் நடுரோட்டில் செய்தார். எனக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகத்தான் இருந்தது. பிறகு யோசித்துப் பார்த்தால், யாரோ செத்துப்போனதற்காக ஒரு பழக்கத்தை விடாமல் இருப்பதைவிட, ஒன்றுமே நடக்காமல் விடாமல் இருப்பதுதான் பெரிது என்று தோன்றியது.

வேறு பாஷையில் சொல்லித் தொலைக்கலாமே என்றால், அதிலும் சிக்கல். எங்கள் பக்கத்து மலாய்க்காரர்கள் போவதற்குச் சுருக்கமாக "பீ" என்பார்கள். நடுரோட்டில் நின்று, கோட்டும் வேட்டியுமாக, அந்தச் சொல்லைத் தொண்டை கிழியக் கத்த எந்தத் தமிழனுக்கு வாய் வரும்? ஆகக்கூடி "வா" என்பதே நிலைத்துவிட்டது.

அதுவும் எல்லோருக்கும் ஒரே மாதிரி கேட்கவில்லை. ஐந்தாம் நம்பர் பஸ்ஸை ஓட்டிய ஆ ஹோக் ஒரு ஹொக்கியன் சீனர். வேலைக்கு வந்த புதிதில் கண்டக்டரைத் தனியே கூப்பிட்டு, இந்த ஆளுக்கு ஏன் இவ்வளவு கர்வம் என்று கேட்டாராம். ஹொக்கியனில் "வா" என்றால் நான். காலையிலிருந்து சாயங்காலம் வரை ஒரு மனிதன் மார்பை நிமிர்த்திக்கொண்டு நான்! நான்! நான்! என்று கத்தினால் யாருக்குத்தான் எரிச்சல் வராது? விஷயம் ஸ்டார்ட்டர் அண்ணே காதுக்கு வந்தது. விளக்கம் சொல்லித் திருத்துவார் என்று பார்த்தால், ஆள் பூரித்துப்போனார்.

"கேட்டுக்க தங்கச்சி. ஜெலுத்தோங்குல நான் இல்லாம வேற எவன்?"

ஆ ஹோக்கிடம் நானும் ஒரு தடவை முட்டிக்கொண்டேன். மத்தியானம் பஸ் படியில் உட்கார்ந்திருந்தவரிடம் மரியாதைக்கு "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன். "போ" என்றார். எனக்கு முகம் சுண்டிப்போய்விட்டது. விறுவிறுவென்று நடந்தேன். அவர் பதறி எழுந்து பின்னாலேயே வந்து, "ஆய்யோ, நோனா, போ, போ, தாக் அடா, சாப்பாடு இல்ல!" என்று மலாயையும் தமிழையும் கலந்து கும்பிட்டார். அவர்கள் பாஷையில் "போ" என்றால் இல்லை. பசிக்கிறதா என்றால் போ. குடை இருக்கிறதா என்றால் போ. பஸ்ஸில் ஆள் இல்லையென்றால் போ லாங். சொல்லும் விதத்தில் ஒரு நூல் வித்தியாசம் இருக்கலாம், நம் காதுக்கு ஏறக்குறைய ஒன்றுதான்.

நான் இதைச் சொன்னதும் ஸ்டார்ட்டர் அண்ணே பெஞ்சில் தட்டிச் சிரித்தார். "பாத்தியா? அவங்களுக்கும் போன்னா ஒண்ணுமில்லாததுதான். நான் சொல்லாம இருக்கறது சரிதான்லா."

வா என்று சொல்லி அனுப்பிவிட்டால் அத்தோடு முடிந்தது என்று இருக்க மாட்டார். போன பஸ் வரும்வரை அது அவர் பொறுப்பு. பாலிக் பூலாவ் பஸ் மலையில் இறங்கித் திரும்பி வந்து கொட்டகையில் நின்ற பிறகுதான் மத்தியானச் சாப்பாட்டுத் தூக்கைத் திறப்பார். அந்தப் பாதைமேல் அவருக்குத் தனிப் பிரியம். மலாயில் "பாலிக்" என்றால் திரும்புவது. "பேர்லயே திரும்பி வர்றது இருக்கற ரூட்டு அது ஒண்ணுதான்" என்பார். ஒரு பெருமழையில் மலைப்பாதையில் மண் சரிந்து, ஆ ஹோக்கின் பஸ் மத்தியானம் வர வேண்டியது பொழுது சாய்ந்துதான் வந்தது. முட்டிவரை சேறும் முகமெல்லாம் களைப்புமாக இறங்கிய ஆ ஹோக்கைப் பார்த்து இவர் கேட்ட முதல் கேள்வி: "வான்னு சொன்னேனா இல்லையா?" ஏதோ அந்த மண் சரிவு அவர் பேச்சை மீறி நடந்த மாதிரி. திட்டி முடித்துவிட்டுத் தன் தூக்கிலிருந்த சோற்றில் பாதியை ஆ ஹோக்குக்குப் பிரித்து வைத்தார். இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

வினை வந்தது ஒரு மலாய் டிரைவர் வழியாக. நல்ல பையன். கடலுக்கு அந்தப்புறம் புக்கிட் தெங்கா பக்கத் தோட்டத்தில், தமிழ்க் குடும்பங்களுக்கு நடுவில் வளர்ந்தவன். எங்களைப் போலவே தமிழ் பேசுவான், அதுதான் கஷ்டமாகிவிட்டது. முதல் நாள் இவர் கையை வீசி "வா!" என்றதும், மரியாதையாக பஸ்ஸை விட்டு இறங்கி அவரிடம் வந்து நின்றான்.

"கூப்பிட்டீங்களாண்ணே?"

"கூப்பிடலடா, அனுப்பினேன்!"

இதற்குள் பின்னால் பஸ் தானாக நகர்ந்து, ரோட்டைக் கடந்து, காப்பிக்கடை பெஞ்சை முறித்துக்கொண்டு நின்றது. நல்ல வேளையாக பெஞ்சில் யாரும் இல்லை. கடைக்காரர் டவுனுக்கு ஆள் அனுப்பிப் புகார் செய்தார். டவுனிலிருந்து பஸ் கம்பெனி இன்ஸ்பெக்டர் வந்தார்.

அவரும் நம்மவர்தான். இங்கிலீஷ் பள்ளியில் படித்தவர், தொப்பி வைத்தவர், வயதில் சின்னவர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். முறிந்த பெஞ்சைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அதில் ஆள் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் கேட்டது நியாயமான கேள்விதான்.

"அண்ணே, ஒண்ணாந்தேதிலேருந்து எல்லா ஸ்டார்ட்டருக்கும் ஒரே வார்த்த. கோ. கம்பெனி உத்தரவு. எல்லா டிரைவருக்கும் அத சொல்லியாச்சு."

"கோன்னா பசு மாடு சார்."

"இங்கிலீஷ்லண்ணே. போன்னு அர்த்தம்."

"தமிழ்ல சொல்லாதத இங்கிலீசுல சொன்னா கணக்கில்லையா சார்?"

"ஒரு வார்த்தைக்காக வேலைய விட்ருவீங்களா?"

"என் வேலையே அந்த ஒரு வார்த்ததான சார்" என்றார்.

இன்ஸ்பெக்டர் முறிந்த பெஞ்சை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு, முடியாதென்றால் கோட்டையும் விசிலையும் கொடுத்துவிட்டு டவுன் பட்டறையில் பஸ் கழுவுகிற வேலைக்கு வரலாம் என்றும், ஒன்றாம் தேதி தானே வந்து நிற்பதாகவும் சொல்லிவிட்டு, கொம்பு பஸ்ஸில் ஏறினார். அன்றைக்கு "கடைசி ஸ்டாப்" என்று கத்திய கண்டக்டரை ஸ்டார்ட்டர் அண்ணே திட்டக்கூட இல்லை.

அந்த ஒன்றாம் தேதியில்தான் என் கல்யாணப் பயணமும் வந்து விழுந்தது. மாப்பிள்ளைக்குப் பாலிக் பூலாவில் மளிகைக் கடை. மறுநாள் விடியலில் அங்கே முகூர்த்தம். முதல் நாளே பெண்ணை அழைத்துக்கொண்டு எங்கள் வீட்டார் சீர்த்தட்டுகளோடு ஐந்தாம் நம்பர் பஸ்ஸில் போவதாக ஏற்பாடு. ஒன்றாம் தேதிக்கு முந்தின நாள் சாயங்காலம் அண்ணே எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றுகொண்டு அம்மாவிடம் சொன்னார்.

"நாளைக்குத் தங்கச்சிய நான்தான் அனுப்பி வெப்பேன்னு சொல்லியிருந்தேன். முடியுமான்னு தெரியலம்மா."

"அந்தப் பாழாப்போன வார்த்தயச் சொல்லிட்டுத்தான் போங்களேண்ணே" என்றாள் அம்மா. "வேல முக்கியம் இல்லையா?"

"கல்யாணப் பொண்ண ஏத்தி வெச்சுட்டுச் சொல்லவா?"

உள்ளே இருந்த எனக்கு அழுகை வந்தது. புகுந்த வீட்டுக்குப் போகிற பயத்துக்கு எப்படியும் ஒரு நாள் அழ வேண்டியதுதான். ஆனால் நான் அழுதது அதற்கில்லை. தினமும் என்னை வா என்று அனுப்பியவர் இந்த ஒரு நாள் அனுப்பாமல் போனால், நான் இந்தத் தெருவுக்குத் திரும்பவே மாட்டேன் என்று எனக்குப் பட்டுவிட்டது. படித்த பெண்தான், சொல்லிக் கொடுக்கிற பெண்தான். இருந்தாலும் பட்டது.

காலையில் கொட்டகைக்குப் போனோம். காக்கிக் கோட்டு மடித்து பெஞ்சின்மேல் இருந்தது. அதற்கு மேல் விசில். அவர் வெறும் சட்டையோடு மரத்தடியில் நின்றார். முடிவு செய்துவிட்டார் என்று பார்த்ததுமே தெரிந்தது. இன்ஸ்பெக்டரும் வந்திருந்தார், கோட்டைப் பார்த்தார்.

என்னை முதலில் ஏற்றி உட்கார வைத்தார்கள். எனக்கு முன்னால் ஒரு சீனக் கிழவி வாத்துக் கூடையோடு ஏற்கெனவே உட்கார்ந்திருந்தாள். கீழே ஒரே அமளி. பழத்தட்டு யார் கையில், புடவைத்தட்டு யார் கையில் என்று என் அத்தைகள் இருவருக்கும் வாக்குவாதம். அப்பா அவர்களைச் சமாதானம் செய்துகொண்டிருந்தார். கண்டக்டரும் தட்டு வாங்கி வைக்கக் கீழேதான் நின்றார். ஆ ஹோக் முன்னால் தயாராக உட்கார்ந்திருந்தார், பஸ் உறுமிக்கொண்டிருந்தது.

முதலில் புறப்பட வேண்டியது குளுகோர் பஸ். இன்ஸ்பெக்டர் கொட்டகைக்கு முன்னால் வந்து நின்று, தொப்பியைச் சரிசெய்து, கையை உயர்த்தினார்.

"கோ!"

ஒன்றாம் நம்பர் டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டு கியரைத் தேடினார். ஆனால் அதற்குள் எங்கள் பஸ் ஒரு குலுக்குக் குலுக்கிப் பாய்ந்தது. ஹொக்கியனில் "கோ" என்றால் ஐந்து! எங்கள் பஸ்ஸைச் சீனப் பயணிகள் நித்தமும் "கோ ஹோ" என்றுதான் தேடி வருவார்கள், ஐந்தாம் நம்பர் என்று அர்த்தம். இங்கிலீஷ் வார்த்தை என்று உத்தரவில் என்ன சொல்லியிருந்தாலும், திடீரென்று காதில் விழுந்தபோது ஆ ஹோக்குக்கு விழுந்தது அவருடைய நம்பர்தான். எங்களில் ஒருவருக்கும் இது முன்னாலேயே தோன்றவில்லை. ஸ்டார்ட்டர் அண்ணேக்கும் தோன்றவில்லை.

பின் ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்தேன். தட்டோடு அம்மா ஓடி வருகிறாள். அத்தைகள் ஓடி வருகிறார்கள். பஸ்ஸில் நானும் கிழவியும் வாத்துகளும் மட்டும். மாப்பிள்ளை வீட்டு வாசலில், அப்பா இல்லாமல், அம்மா இல்லாமல், ஒரு தேங்காய்கூட இல்லாமல், பூவும் பட்டுமாக நான் மட்டும் போய் இறங்கினால் ஊர் என்ன பேசும்? கல்யாணமே நின்றாலும் நின்றுவிடும். "நிறுத்துங்க! ஆ ஹோக், நிறுத்துங்க!" என்று கத்தினேன். கல்யாணப் பெண் என்றால் அழுதுகொண்டுதான் போவாள் என்பது ஆ ஹோக்குக்குத் தெரியும். திரும்பாமலேயே, "பைக், பைக், நல்லா இருக்கும் நோனா" என்று மலாயும் தமிழுமாக ஆறுதல் சொன்னார்.

இன்ஸ்பெக்டர் பெஞ்சிலிருந்த விசிலை எடுத்து ஊதினார். இத்தனை வருஷம் யாரும் ஊதாத விசில். வெறும் காற்றுதான் வந்தது.

அப்போது ஸ்டார்ட்டர் அண்ணே ரோட்டில் இறங்கி ஓடி வந்தார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, அந்த மார்பின் முழுக் குரலையும் எடுத்து, "வா...!" என்று கத்தினார்.

பஸ்ஸைத் திரும்பி வரத்தான் கூப்பிட்டார். ஆனால் ஆ ஹோக்குக்கு அவர் குரலில் அந்தச் சொல் வந்தால் ஒரே ஒரு அர்த்தம்தான் உண்டு. கிளம்பு. பஸ் இன்னும் வேகம் பிடித்தது.

"பாலிக்! பாலிக்!" என்று கத்தினார். திரும்பு, திரும்பு என்று. ஆ ஹோக் தலையை ஆட்டினார். ஆமாம், பாலிக் பூலாவ்தான், அங்கேதானே போகிறேன்! பின்னால் ஓடி வந்தவர்கள் எல்லோரும் ஆளுக்கொரு பாஷையில் நில் என்று கூச்சல் போட்டார்கள். அது கல்யாணக் கூச்சலோடு கூச்சலாகப் போயிற்று. ஆ ஹோக்கின் காது பழகியிருந்தது அந்த ஒரு குரலுக்குத்தான்.

அண்ணே ரோட்டின் நடுவில் நின்றுவிட்டார். என்னை நேராகப் பார்த்தார். நான் பின் ஜன்னலில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டிருந்தேன். அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். பிறகு வாயின் இரண்டு பக்கமும் கையைக் குவித்துக்கொண்டு கத்தினார்.

"போ...! போ...! போ...!"

அவர் வாயிலிருந்து அந்தச் சொல். அதுவும் என்னைப் பார்த்து.

பஸ் கிறீச்சிட்டு நின்றது. ஆ ஹோக் திரும்பி உட்கார்ந்து, வண்டியை ஒரு நோட்டம் விட்டார். காலி இருக்கைகள். நான். கிழவி. வாத்துகள்.

"ஆய்யோ" என்றார். "போ லாங்!"

ஆளில்லை! கழுத்தைத் திருப்பி வைத்தபடியே பஸ்ஸைப் பின்னோக்கி ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கொண்டுவந்து சேர்த்தார்.

அம்மா மூச்சிரைக்க வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கிடைத்துவிட்டேன் என்றானதும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது. "என்ன வார்த்தண்ணே அது? கல்யாணப் பொண்ணப் பாத்து நீங்களா சொல்றது?"

அவர் நெற்றியெல்லாம் வேர்வை. ஆனாலும் மார்பை நிமிர்த்தினார்.

"நான் தமிழ்ல சொல்லலம்மா. ஹொக்கியன்ல சொன்னேன்."

"ஆமா, ஆமா, பெத்துல்! ஹொக்கியன்!" என்று ஆ ஹோக் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டிச் சாட்சி சொன்னார். சரிதான் என்று. அத்தைகள் சண்டையை மறந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரித்துவிட்டாள்.

இன்ஸ்பெக்டர் மட்டும் மெதுவாகக் கேட்டார். "வேற பாஷையில சொன்னா கணக்கில்லையாண்ணே?"

"ஒங்க கோன்னா போறது சார். அவங்க போன்னா இல்லாதது. ஆளில்லேன்னேன். பொய்யா?"

இன்ஸ்பெக்டர் பெஞ்சுக்குப் போய்க் கோட்டை எடுத்து வந்தார். இரண்டு தோளையும் பிடித்து விரித்து, அவர் கையை நுழைப்பதற்காகக் காத்துக்கொண்டு நின்றார். அண்ணே போட்டுக்கொண்டார். பொத்தான்களைப் பூட்ட அன்றைக்கு அவருக்கு வெகு நேரம் பிடித்தது. தட்டுகளை ஏற்றக் கை குறைந்தபோது இன்ஸ்பெக்டரே தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு வாழைத்தாரைத் தூக்கிக் கொடுத்தார். உத்தரவைப் பற்றி அதன் பிறகு எங்கள் கொட்டகையில் யாரும் கேள்விப்படவில்லை. புக்கிட் தெங்கா பையனுக்கு மட்டும், இங்கே வா என்றால் வராதே என்று சொல்லி வைத்தார்கள்.

எல்லோரும் ஏறினோமா என்று ஒரு தடவைக்கு இரண்டு தடவை பார்த்தபின் என் ஜன்னலுக்கு வந்தார்.

"வா, தங்கச்சி."

"வரேண்ணே" என்றேன். பெண்ணை வழியனுப்பக் கார் வைத்தவர்கள் உண்டு, மேளம் வைத்தவர்கள் உண்டு. தன் வாயில் வராத ஒரு சொல்லை நடுரோட்டில் எடுத்துக் கத்தி, அதனாலேயே திருப்பி அழைத்து, மறுபடி முறையாக அனுப்பி வைக்க ஒரு ஆள் எனக்குத்தான் கிடைத்தார். அதை நான் யாரிடமும் சொல்லாமல் இருந்ததில்லை.

பிறகு எப்போது அம்மா வீட்டுக்கு வந்தாலும் கொட்டகையில் அவரைச் சீண்டுவேன். "என்னப் பாத்து போன்னு சொன்னவருதான நீங்க?" உடனே விறைத்துக்கொள்வார். "அது ஹொக்கியன்!" கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

இப்போது அவர் கொட்டகையில் இல்லை. வயதாகிவிட்டது என்று மகள் வீட்டோடு இருக்க, கடலுக்கு அந்தப்புறம் ஜுரு பக்கம் போய்விட்டார். போய்விட்டார் என்று எழுதினால் சண்டைக்கு வருவார், ஜுருவில் இருக்கிறார். அவர் இடத்தில் ஆ ஹோக். கண் கொஞ்சம் மங்கியதால் வண்டியிலிருந்து இறக்கி, கோட்டும் விசிலும் கொடுத்துவிட்டார்கள். ஆ ஹோக்கும் விசில் ஊதுவதில்லை. மலாய் டிரைவரோ சீன டிரைவரோ, எல்லோரையும் "வா" என்றுதான் அனுப்புகிறார். தன் பாஷையில் அது நான் என்பதெல்லாம் அவருக்கே மறந்திருக்கும். புதிதாக வந்த ஒரு கண்டக்டர் பையன், அது இங்கிலீஷ் வார்த்தை, எல்லா ஊர் பஸ்ஸுக்கும் அதுதான் என்று எனக்கே பாடம் நடத்தினான். நான் அவனைத் திருத்தவில்லை. எங்கள் ஊர்ச் சொல் அவ்வளவு தூரம் வந்திருக்கிறதே என்று இருந்தது.

போன வாரம் பிள்ளைகள் இருவரையும் கூட்டிக்கொண்டு பாலிக் பூலாவ் திரும்ப ஐந்தாம் நம்பரில் ஏறினேன். ஆ ஹோக் ஜன்னலோரம் வந்து "வா" என்றார். சொல்லிவிட்டு, டிரைவருக்குக் கையைக் காட்டி நிறுத்தி வைத்துக்கொண்டு, என் முகத்தையே பார்த்தபடி நின்றார். எதற்காக நிற்க வேண்டும் என்பது அவருக்குத் தெரியுமோ என்னமோ. இப்படித்தான் செய்ய வேண்டும் என்பது மட்டும் தெரிந்திருந்தது.

"ஏம்மா பஸ்ஸு போகல?" என்றாள் என் பெரிய மகள்.

"நாம இன்னும் பதில் சொல்லலையே" என்றேன்.

ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, "வரேண்ணே" என்றேன். பஸ் புறப்பட்டது.